ஊர் ஊழியம்

ஊர் ஊழியம் என்பது, ஒரு கிராமத்தின் பொதுக் காரியங்களைச் செய்யும் பொறுப்பு குறிப்பிட்ட சில குடும்பங்களைப் பரம்பரையாகச் சார்ந்திருக்க, அக்குடும்பங்கள் அதற்கு ஊதியமாக விளைச்சலில் ஒரு பங்கோ மானிய நிலமோ பெற்று வந்த ஏற்பாடாகும். தமிழ்நாட்டில் இது 1980 வரையில் ஏதேனும் ஓர் உருவில் நிலவியது. ஒருவன் இன்ன தொழில் செய்வான் என்பது மட்டுமன்றி, எந்தத் தெருவில் குடியிருப்பான், களத்தில் யாருக்குப் பின்னால் நின்று நெல் வாங்குவான், ஊரார் அவனை எவ்வாறு விளிப்பர் என்பன யாவும் அவன் பிறந்த வீட்டின் ஸ்தானத்தால் நிர்ணயமாயின. ஆதலின், சமுதாய அந்தஸ்து மனித வாழ்வை எத்துணை தூரம் வகுத்துவிடக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது.

பெயரும் வகையும்

1812 இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட ஐந்தாவது அறிக்கை, தென்னாட்டுக் கிராமத்தின் ஊழியர்களைத் தலைவர், கணக்கர், காவலர், எல்லை காப்போர், ஏரிநீர் பங்கிடுவோர், புரோகிதர், பள்ளி ஆசிரியர், சோதிடர், கொல்லர், தச்சர், குயவர், வண்ணார், நாவிதர், மாடு மேய்ப்போர், வைத்தியர், ஆடல்மகள், பாடகர் என்று வரிசைப்படுத்தி, கிராமத்தை ஒரு தனி நகராட்சி போல வருணிக்கின்றது. விஜயநகர ஆட்சிப் பகுதிகளில் பன்னிரு ஆயக்காரர் என்றும், மராத்திய நாட்டில் பன்னிரு பலுத்தேதார் என்றும் வழங்கிய தொகுதிகளும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. ஆயினும் அவ்வறிக்கையின் நீண்ட பட்டியலில், சேற்றில் இறங்கி உழுது நடவு செய்த பண்ணையாட்களுக்கு இடமில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். பங்கு வாங்கும் பாத்தியதை உள்ளவர்களே ஊழியர் எனக் கருதப்பட்டனர்.

தமிழ் வழக்கில் இவர்களை இரு வகையாகப் பிரிக்கலாம். கணக்கையும் அதிகாரத்தையும் கைக்கொண்டவர்கள் மேல்வகையினர்: கணக்குப்பிள்ளை அல்லது கர்ணம் ஒருவர், கொங்கு நாட்டில் மணியக்காரர் என்றும், தஞ்சைப் பக்கத்தில் பட்டாமணியம் என்றும் வழங்கிய ஊர்த்தலைவர் மற்றொருவர். தலையாரி, நீர் பாய்ச்சுவோன், தோட்டி, வெட்டியான் ஆகியோர் கீழ்வகையினர். முன்னவர் வீட்டுத் திண்ணைக்கு எதிரே, தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னவர் நின்றனர். நரைத்த தலையுள்ள வெட்டியானைக் கணக்குப்பிள்ளை வீட்டுச் சிறுவன் 'வாடா' என்று அழைத்தான். அக்கிழவன் அச்சிறுவனைச் 'சின்னையா' என்றான். வயதுக்குத் தரும் மரியாதையை மேலான தர்மமாகப் போற்றிய ஒரு சமுதாயத்தில், அம்மரியாதையையும் ஸ்தானம் வென்றுவிட்டது.

வெட்டியான் என்ற பெயரின் வரலாறு தனியே கருதத்தக்கது. ஊதியமின்றிச் செய்யவேண்டிய கட்டாய உழைப்பைக் குறிக்கும் 'விஷ்டி' என்ற வடசொல் தமிழில் 'வெட்டி' ஆயிற்று. சோழர் சாசனங்களில் குடிகள் மீது சுமத்திய கடமைகளைச் சொல்லுமிடங்களில் மிகுதியாகக் காணப்படும் சொற்களுள் இதுவும் ஒன்று. பயனில்லாத உழைப்பை 'வெட்டி வேலை' என்று நாம் இன்றும் சொல்லுங்கால், கூலி பெறாத ஒருவனது உழைப்பின் நினைவு அச்சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது.

பண்டைய நிலை

இவ்வேற்பாட்டின் தொடக்கத்தை வரையறுக்கச் சாசனங்களே துணை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த சாசனங்கள், ஊர்களில் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது, ஊர்நத்தம், கம்மாளர் வாழ்ந்த கம்மாணசேரி, கள்ளிறக்குவோர் வாழ்ந்த ஈழச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி, சுடுகாடு என்று பிரித்துக் கூறுகின்றன. தொழிலும் குடியிருப்பும் ஒன்றோடொன்று பிணைந்து நிலவரையறை பெற்றுவிட்ட நிலையை அவை காட்டுகின்றன.

எனினும் ஊர்ப்பதவிகள் யாவும் அன்றே பரம்பரைச் சொத்தாக இறுகிவிட்டன என்று கூறுவதற்கில்லை. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டு உத்தரமேரூர்ச் சாசனங்கள், வாரிய உறுப்பினரைக் குடவோலையால் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைப்பன. இறை செலுத்தும் கால் வேலி நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயதும், வேதப் பயிற்சியும் வேண்டும் என்பன நிபந்தனைகள். கணக்கெழுதுவோனைப் பற்றியும் அங்கே ஒரு விதி உண்டு: தன் காலத்துக் கணக்கைப் பெரியோர் முன் தானே காட்டி, சுத்தன் என்று பெயர் பெற்ற பின்னரே அவன் மீண்டும் கணக்குக்கு அமர்த்தப்படலாம், அவன் கணக்கை முடிக்க வேறொரு கணக்கன் புகலாகாது. தந்தைக்குப் பின் மகன் என்ற உரிமை நிலைபெற்றிருந்தால் இத்தகைய விதிக்குத் தேவையே எழுந்திராது. ஆதலின் கணக்குப் பதவி அக்காலத்தில் நடத்தையைப் பொறுத்து அமைந்தது என்று கொள்வதே பொருந்தும். பிறப்புரிமை பின்வந்த நூற்றாண்டுகளில் வளர்ந்த நோயாகும்.

களத்துமேடு

1763 இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த செங்கல்பட்டு ஜாகீரில், தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஒவ்வோர் ஊரிலும் எத்தனை வீடு, எத்தனை ஏரி, விளைச்சலில் எவருக்கு எவ்வளவு என்னும் விவரங்களை ஊர்க் கணக்கர் ஓலைகளில் எழுதி வைத்தனர். கோயிலுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வெட்டியானுக்கும் விளைச்சலிலிருந்து தனித்தனியே பங்கு ஒதுக்கப்பட்டதை அக்கணக்குகள் தெரிவிக்கின்றன. இப்பங்குகளுக்குக் களவாசம், மேரை என்பவற்றோடு 'சுதந்திரம்' என்றும் பெயர் இருந்தது.

தூற்றி முடிந்த பொலியை அளக்கத் தொடங்குபவன் முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணுவான். அரசு அல்லது நிலவுடைமையாளர் பங்கான மேல்வாரமும் உழவர் பங்கான குடிவாரமும் பிரிவதற்கு முன்பே கோயிலுக்கும் ஊழியர்க்கும் உரியது எடுத்துவைக்கப்படும். கணக்குப்பிள்ளையின் நெல் அவர் வீட்டுக் குதிருக்குத் தானே போய்ச் சேரும். வெட்டியானோ, எல்லோரும் அள்ளிய பிறகு, களத்தின் அடியில் மண்ணோடு கலந்து கிடக்கும் நெல்லையும் கூட்டிப் புடைத்துக்கொள்ள வேண்டும். பங்கு என்பது உண்மை. அதனை எவரும் எளிதில் மறுத்துவிட முடியாது என்பதும் உண்மை. ஆயின் அந்த உரிமையே அவனைக் களத்தை விட்டு அகலாதபடி கட்டியது.

எல்லைத் தகராறு வந்தால் மட்டும் நிலை மாறியது. ஊரின் எல்லைக் கற்களை நன்கறிந்தவன் வெட்டியானே ஆதலால், தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்து அவன் நடந்த வழியே எல்லை என்று இரு ஊராரும் ஏற்ற வழக்கம் பழைய குறிப்புகளில் உண்டு. தகராறு தீர்ந்ததும் அவன் மீண்டும் சேரிக்கே திரும்பினான்.

ஆங்கிலேயர் காலமும் பின்னரும்

1802, 1816 ஆம் ஆண்டுகளின் ரெகுலேஷன்கள் கர்ணத்தையும், கிராம முன்சீப் எனப்பட்ட ஊர்த்தலைவரையும் அரசாங்க இயந்திரத்தின் உறுப்புகளாக்கின. மானிய நிலங்களை ஆராய 1858 இல் தோன்றிய இனாம் கமிஷனுக்குப் பிறகு ஊழிய மானியங்கள் படிப்படியே ஊழியத்தினின்று பிரிக்கப்பட்டு, ரொக்கச் சம்பளம் வந்தது. 1895 ஆம் ஆண்டுச் சட்டம் பதவியை மூத்த மகன் வழியில் இறங்கும் உரிமையாக உறுதிப்படுத்தியது. வாரிசு பால்மணம் மாறாக் குழந்தையாயின், அக்குழந்தையின் பெயரே பதிவேட்டில் ஏற, வேறொருவர் அதற்காக வேலை பார்ப்பார். அடங்கல் என்னும் பயிர்க்கணக்கில் ஓர் எழுத்தும் எழுதத் தெரியாத சிறுவன் ஊருக்குக் கர்ணம். ஊர் எல்லையை அடியடியாக அறிந்தவன் என்றென்றைக்கும் வெட்டியான்!

இக்கொடுமையை மராத்திய நாட்டில் முதலில் சட்டமன்றத்துக்குக் கொண்டுசென்றவர் அம்பேத்கர். தீண்டத்தகாதவராகக் கருதப்பட்ட மகர் சாதியாரின் வத்தன் என்னும் பரம்பரை ஊழியத்தில் ஒருவன் வராவிட்டால் அவன் தந்தையையோ உறவினரையோ அரசாங்கம் வேலைக்கு இழுக்க முடிந்தது என்றும், இரவு பகல் எந்நேரமும் அவன் அழைப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது என்றும் அவர் எடுத்துக்காட்டி, வத்தன்களைப் பற்றிய 1874 ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்த 1928 இல் மசோதா கொணர்ந்தார். பம்பாய் மாநிலத்தில் கீழ்நிலை வத்தன்கள் 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தன.

ஆந்திரத்துக் கிராம முன்சீப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம், குடிவழியை மட்டும் பார்த்துப் பதவி அளிப்பது அரசியலமைப்பின் 16 ஆம் பிரிவுக்கு முரண் என்று 1960 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் 1980 நவம்பர் 14 இல் அவசரச் சட்டத்தின் மூலம் கர்ணம், மணியம் முதலிய பகுதிநேரப் பதவிகள் நீக்கப்பட்டன.

இன்றைய நிலை

அப்பதவிகளுக்குப் பதிலாக வந்த கிராம நிர்வாக அலுவலர் இப்போது போட்டித் தேர்வினால் தெரிவாகின்றனர். தலையாரியும் வெட்டியானும் கிராம உதவியாளர் எனப் பெயர் மாறினர். சுடுகாட்டில் சிதை அடுக்கும் வேலை மட்டும் பல ஊர்களில் அதே குடும்பங்களிடமே உள்ளது.