தாழ்வெப்பநிலையில் வெப்பமின் பொருள்கள்: மின்னழுத்தமா, வெப்பக் கசிவா?

வெப்பமின் ஆக்கி என்றதும் தொழிற்சாலைப் புகைபோக்கியோ, வாயேஜர் விண்கலத்தின் புளூட்டோனிய மின்கலமோ நினைவுக்கு வரும். இரண்டும் சூட்டை நம்பியவை. குளிரை நம்பும் ஆக்கிகளைப் பற்றிய பேச்சு குறைவு. பேசப்படும்போதும் எந்தப் பொருளின் சீபெக் கெழு (ஒரு கெல்வின் வெப்பநிலை வேறுபாட்டுக்கு எழும் மின்னழுத்தம்) பெரிது என்பதிலேயே கவனம் குவிகிறது. 200 கெல்வினுக்குக் கீழே மின்னழுத்தம் இரண்டாம் பட்சம், வெப்பக் கசிவே தலையாய சிக்கல் என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஒரு பொருளின் தகுதி எண், சீபெக் கெழுவின் இருமடியை மின்கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக்கடத்துதிறனால் வகுக்கக் கிடைப்பது. குளிரில் இது பல வழிகளில் அடிபடுகிறது. வெப்பநிலையே ஒரு பெருக்குக் காரணி என்பதால் அது குறையும்போது எண்ணும் குறையும். வெப்ப இயக்கவியலின் மூன்றாம் விதிப்படி, தனிச்சுழியை நெருங்கும்போது சீபெக் கெழுவும் சுழியாக வேண்டும். 300 கெல்வினில் மைக்ரோவோல்ட்/கெல்வின் கணக்கில் 200 அளவில் இருக்கும் பிஸ்மத் டெல்லுரைடின் கெழு, 100 கெல்வினில் ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. இதற்கிடையே படிக அதிர்வுகளான ஃபோனான்கள் ஒன்றோடொன்று மோதுவது அரிதாவதால், தூய படிகத்தின் வெப்பக்கடத்துதிறன் ஏறுகிறது.

கடைசியாகச் சொன்னதன் கடுமையை இரும்பு ஆன்டிமனைடு காட்டும். 2007இல் பென்டியனும் உடன் ஆய்வாளர்களும் இப்படிகத்தில் 10 கெல்வின் அருகே 45,000 மைக்ரோவோல்ட்/கெல்வின் அளவுக்குச் சீபெக் கெழு இருப்பதாக அறிவித்தனர். அதன் திறன் காரணி (சீபெக் கெழுவின் இருமடியை மின்கடத்துதிறனால் பெருக்கியது), அறை வெப்பநிலையில் பிஸ்மத் டெல்லுரைடுக்கு உள்ளதைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல். தகுதி எண்ணோ 0.005 அளவே. காரணம், அந்த வெப்பநிலையில் இப்படிகம் அறை வெப்பநிலைத் தாமிரத்துக்கு இணையாக வெப்பம் கடத்துகிறது. இரு முனைகளுக்கிடையே வெப்பநிலை வேறுபாட்டை நிறுத்தி வைக்கவே முடியாத பொருளில், ஒவ்வொரு கெல்வினுக்கும் எவ்வளவு மின்னழுத்தம் எழுந்தால்தான் என்ன?

இது தனியொரு பொருளின் குறையன்று. 1954இல் ஜெபாலும் ஹல்லும் ஜெர்மானியத்தில் அளந்த பெரிய சீபெக் மதிப்புகளுக்கு, ஹெர்ரிங் அதே ஆண்டில் ஃபோனான் இழுவை என்னும் விளக்கம் தந்தார்: குளிர்முனை நோக்கி ஓடும் ஃபோனான்கள் எலக்ட்ரான்களையும் தள்ளிக்கொண்டு போகின்றன. இரும்பு ஆன்டிமனைடிலும் இதுவே நடக்கிறது என்பதற்குப் பின்வந்த அளவீடுகள் வலுச்சேர்த்தன. மின்னழுத்தத்தைத் தரும் ஃபோனான்தான் வெப்பத்தையும் கசியவிடுகிறது என்றால், படிகத்தை நுண்துகள்களாக்கி ஃபோனானைச் சிதறடிக்கும்போது இரண்டும் சேர்ந்தே போகும். இழுவையை நம்பி ஆக்கி செய்யும் முயற்சிகளில் எனக்கு நம்பிக்கை இல்லை.

பகட்டில்லாத பிஸ்மத்-ஆன்டிமனி உலோகக்கலவையே பயன் தந்திருக்கிறது. பெல் ஆய்வகத்தின் ஸ்மித்தும் வுல்ஃபும் 1962இல் இதை விரிவாக ஆராய்ந்தனர். (இந்த ஸ்மித்தான் பின்னாளில் மின்னூட்டப் பிணைப்புக் கருவிக்காக 2009இல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.) கனமான அணுக்கள், மிகக் குறுகிய ஆற்றல் இடைவெளி, இரு தனிமங்களும் கலந்ததால் சிதறும் ஃபோனான்கள்: இவற்றால் 100 கெல்வினை ஒட்டிய பகுதியில் தகுதி எண் 0.5 அளவைத் தொடுகிறது. காந்தப்புலத்தில் இன்னும் உயர்கிறது. ஆனால் ஆக்கியின் இரு கால்களுக்கு எலக்ட்ரான் கடத்தும் என்-வகையும் துளை கடத்தும் பி-வகையும் தேவை; இது என்-வகை மட்டுமே. இதற்கு ஈடான பி-வகைத் துணை இல்லை. அந்தக் காலுக்கு மீக்கடத்தியை வைக்கலாம் என்று கோல்ட்ஸ்மிட் 1988இல் முன்மொழிந்தார். மீக்கடத்துநிலை நீடிக்கும் வரையில்தான் அது செல்லும். 2000இல் வெளியான சீசியம்-பிஸ்மத்-டெல்லூரியச் சேர்மம் பி-வகையில் 0.8 எட்டியது, ஆனால் 225 கெல்வினில்.

இனி ஆக்கிக்கு வருவோம். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் இயங்கும் முனையம், ஆண்டுக்கு 50 இலட்சம் டன் திரவ இயற்கை எரிவாயுவைக் கையாளும் திறன் கொண்டது. மைனஸ் 162 செல்சியஸில், அதாவது 111 கெல்வினில், கப்பலில் வரும் திரவத்தை வாயுவாக்கியே குழாயில் விட முடியும். உலகின் பல முனையங்களில் கடல்நீரைக் கொண்டு இதைச் செய்யும்போது குளிர் வீணே கடலில் கலக்கிறது. 300 கெல்வின் கடல்நீருக்கும் இத்திரவத்துக்கும் நடுவே, சராசரித் தகுதி எண் 0.3 மட்டுமே உள்ள ஆக்கியை வைத்தால், கோட்பாட்டுச் செயல்திறன் 6 விழுக்காட்டை நெருங்கும். அதே தகுதி எண்ணும் அதே 189 கெல்வின் வேறுபாடும் 300க்கும் 489க்கும் இடையே அமைந்தால் 3 விழுக்காடுதான். கார்னோ வரம்பு குளிரில் 63, சூட்டில் 39 என்பதே காரணம். எரிவாயு சூடேறச் சூடேற வேறுபாடு சுருங்கும் என்பதால் 6 என்பது மேல்வரம்பு. ஆயினும் குளிர்ப்பக்கத் தகுதி எண்ணைச் சூட்டுப்பக்க எண்ணோடு நேராக ஒப்பிடுவது தவறு என்பதற்கு இது போதும்.

கடைகளில் விற்கும் 127 இணைகள் கொண்ட பிஸ்மத் டெல்லுரைடு பெல்டியர் தகட்டை இப்படிப் பயன்படுத்தலாமா? ஒரு முகத்தைத் திரவ நைட்ரஜனில் வைத்தால், 300 கெல்வின் கெழுவை அப்படியே எடுத்துப் போடும் கணக்கு 11 வோல்ட் என்று சொல்லும். கெழு வழியெல்லாம் சரிவதால் கிடைப்பது அதைவிடக் குறைவு. அலுமினாத் தகடும் தாமிரப் பட்டையும் வெவ்வேறு அளவில் சுருங்க, நடுவிலுள்ள பற்றவைப்பு விரிசல் காணும். ஓரத்தில் உறையும் பனி வெப்பத்துக்கு இன்னொரு வழி திறந்துவிடும்.

ஆகவே தாழ்வெப்பநிலைப் பொருளை அறிவிப்பவர்கள் சீபெக் கெழுவோடு நிற்காமல், அதே படிகத்தில் அதே திசையில் அளந்த வெப்பக்கடத்துதிறனையும் சேர்த்து வெளியிட வேண்டும். 100 முதல் 200 கெல்வின் வரை உழைக்கும் பி-வகைப் பொருளைத் தேடுவதற்கே ஆய்வு நிதியில் முன்னுரிமை தர வேண்டும்.