மலைவழிகாட்டி காரெல்



பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஆல்ப்ஸ் மலைச் சிகரங்களில் ஏறும் வேட்கை ஐரோப்பாவில் பெரிதும் பரவியது. ஆங்கில நாட்டுச் செல்வரும் கற்றவரும் கோடைதோறும் அங்கே சென்றனர். திரும்பி வந்து நூல்கள் எழுதினர். அவர்களுக்கு முன்னே நடந்து, பனிக்கட்டியில் கோடரியால் படி வெட்டி, தம் இடுப்பிற் பிணைத்த கயிற்றால் அவர்களைத் தாங்கியவர்களோ கூலிக்கு அமர்ந்த மலைநாட்டுக் குடியானவர்கள். அத்தகைய வழிகாட்டி ஒருவரைப் பற்றி இன்று கூற விழைகிறேன்.

ழான் அந்துவான் காரெல் 1829-ஆம் ஆண்டு, இத்தாலியின் வடமேற்கு மூலையிலுள்ள வால்தூர்னான்ஷ் பள்ளத்தாக்கில் பிறந்தவர். சில காலம் படைவீரராகவும் பணிபுரிந்தார். அப்பள்ளத்தாக்கின் தலைமாட்டில் 14,692 அடி உயரமுள்ள மாட்டர்ஹார்ன் சிகரம் நிற்கிறது. அதன் மறுபக்கம் சுவிட்சர்லாந்து. ஏற இயலாத மலை என்று பலரும் அதனைக் கைவிட்டிருந்த காலத்தில், 1857-லேயே காரெல் தம் ஊரார் இருவருடன் ஏற முயன்றார். எவரும் கூலி கொடுத்து அவரை அனுப்பவில்லை. தம் ஊர்ப் பக்கமிருந்தே அச்சிகரத்தை எட்ட வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் வேட்கை.

எட்வர்டு விம்பர் என்னும் ஆங்கிலேயரும் 1861 முதல் அதே சிகரத்தை நாடி வந்தார். இருவரும் சேர்ந்தும் முயன்றனர். ஆனால் 1865 ஜூலையில் காரெல், ஜியோர்தானோ என்னும் இத்தாலியப் பொறியாளரின் முயற்சிக்குத் துணைநின்றார். மனம் வெதும்பிய விம்பர் சுவிட்சர்லாந்துப் பக்கம் சென்றார். அம்மலையின் பாறை அடுக்குகள் தென்மேற்கு நோக்கிச் சாய்ந்தவை. ஆகவே இத்தாலியப் பக்கம் கால் வழுக்கும். வடகிழக்கிலோ படிக்கட்டுப் போல் அமைந்திருக்கும். ஜூலை 14 அன்று விம்பர் குழுவினர் எழுவரும் உச்சியை அடைந்து, கீழே தெரிந்த காரெல் குழுவினர் அறியுமாறு கூவிக் கற்களை உருட்டினர். காரெல் மனமுடைந்து திரும்பினார். வெற்றி பெற்றவர்களுக்கோ இறங்கும்போது பேரிடர் நேர்ந்தது. ஒருவர் கால் இடறக் கயிறு அறுந்தது, நால்வர் மாண்டனர். அவர்களுள் மிஷேல் குரோ என்னும் புகழ்பெற்ற வழிகாட்டியும் ஒருவர்.

முதலிடம் போயிற்று என்று காரெல் சோர்ந்துவிடவில்லை. மூன்றே நாட்களில், ஜூலை 17 அன்று, தம் பக்கத்துக் கடினமான வழியாகவே பீக் என்பவருடன் உச்சியை அடைந்தார். உடன் சென்ற கோரே என்னும் பாதிரியாரும் மெய்னே என்பவரும், திரும்பும்போது கயிறு பிடித்து உதவ வேண்டி, உச்சி அண்மையில் இருந்தும் தாம் ஏறாது காத்திருந்தனர். அவர்கள் செய்த தியாகமும் நினைக்கத்தக்கது.

விம்பர் பழைய மனக்கசப்பைப் பாராட்டவில்லை. தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டிற்குச் சென்றபோது காரெலையே அழைத்துச் சென்றார். 20,500 அடிக்கு மேற்பட்ட சிம்போராசோவின் உச்சியில் 1880 ஜனவரி 4 அன்று முதன்முதலாகக் கால் வைத்தவர்களுள் காரெலும் ஒருவர்.

1890 ஆகஸ்டில், லியோனே சினிகாலியா என்னும் இளம் இசைக்கலைஞரை அழைத்துக்கொண்டு, மற்றொரு வழிகாட்டியுடன் காரெல் மீண்டும் மாட்டர்ஹார்னில் ஏறினார். அப்போது அவருக்கு வயது 61. இடிமின்னலும் பனிப்புயலும் அவர்களைப் பாறைக் குடிலிலேயே சிறைப்படுத்தின. உணவும் விறகும் குறைந்தன. 25-ஆம் நாள், புயல் ஓயாத நிலையிலேயே இறங்கத் துணிந்தனர். பனியில் கயிறு விறைத்தது. பாறைகள் கண்ணாடி போல் வழுக்கின. அங்குலம் அங்குலமாக அறிந்த வழியாதலின், காரெல் பகல் கழிந்து இரவு ஏறியும் அவர்களைத் தவறாது நடத்தி வந்தார். ஆபத்தான இடங்களெல்லாம் கடந்த பின்னரே, மலையடிவாரத்தில், வலிமை முற்றும் தீர்ந்து வீழ்ந்தார். அங்கேயே உயிர் நீத்தார். உடன் வந்த இருவரும் பிழைத்தனர்.

மாட்டர்ஹார்னில் முதன்முதலில் ஏறியவர் என்னும் புகழ் காரெலுக்குக் கிட்டவில்லை. ஆனால் தம்மை நம்பி வந்தவரை உயிருடன் ஊர் சேர்ப்பதே வழிகாட்டியின் கடமை. அக்கடமையை முடித்த பின்னரே அவர் கண்மூடினார். அவர் வீழ்ந்த இடத்தில் நாட்டப்பட்ட சிலுவை அதனை இன்றும் நினைவூட்டுகிறது.