ஓய்வு பெறும் ரயில் பெட்டி

தொப்பம்பட்டிப் பக்கத்திலிருந்து பழனிக்குப் போய் ரயில் ஏறியவர்களுக்கு நீலநிறப் பெட்டி பழக்கமான ஒன்று. அதன் வரலாற்றில் ஓர் இயற்பியல் பாடம் அடங்கியிருக்கிறது.

முற்காலப் பெட்டிகளில் இரும்புச் சட்டத்தின் மேல் மரக்கூடு அமர்ந்திருந்தது. பாரம் முழுவதையும் சட்டமே தாங்கியது. விபத்து நேர்ந்தால் ஒரு பெட்டியின் சட்டம் அடுத்த பெட்டியின் மரக்கூட்டைப் பிளந்துகொண்டு உள்ளே புகும். உயிர்ச்சேதம் மிகுந்ததற்கு இதுவே முக்கிய காரணம்.

1955 அக்டோபர் 2-ஆம் நாள் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு தொடங்கி வைத்தார். சுவிட்சர்லாந்து நாட்டு வடிவமைப்பைத் தழுவி, தரை, சுவர், கூரை மூன்றையும் பற்றவைத்து ஒரே எஃகுக் குழாய்போல் அங்கே பெட்டிகள் செய்யப்பட்டன. இரு புத்தகங்களுக்கு இடையே ஒரு தாளைப் பாலமாக வையுங்கள், அது தொய்ந்துவிடும். அதே தாளைச் சுருட்டி வைத்தால் ஒரு பென்சிலையே தாங்கும்! பெட்டியின் எடை குறைந்தும் வலிமை கூடியதன் இரகசியம் இதுதான். மோதலின்போது முனைகள் நசுங்கி இயக்க ஆற்றலின் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்ளும்.

ஆயினும் ஒரு குறை இருந்தது. திருகு இணைப்பும் பக்கத் தாங்கிகளும் கொண்ட பெட்டிகள் விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடக்கூடும். நடுவில் இறுகப் பூட்டிக்கொள்ளும் இணைப்பு உடைய ஜெர்மானிய வடிவமைப்புப் பெட்டிகள் இதனைப் பெரிதும் தடுக்கின்றன. எனவே 2018 ஜனவரியுடன் பெரம்பூரில் பழைய வகைப் பெட்டிகளின் உற்பத்தி நின்றது.

ஓய்வு பெற்ற பெட்டிகள் என்னவாகின்றன? சில, சன்னல்கள் அடைக்கப்பட்டு மோட்டார் கார்களைச் சுமக்கின்றன. சில உணவகங்களாயின. 2020-இல் கொரோனா நோய்க்காலத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் தனிமைச் சிகிச்சை அறைகளாக மாற்றப்பட்டன. எஞ்சியவை பழைய இரும்பாகின்றன.

டில்லி ரயில் அருங்காட்சியகம் 1899-இல் செய்யப்பட்ட மைசூர் மகாராஜாவின் பெட்டியைப் போற்றிக் காத்துவருகிறது. அது நன்றே. ஆனால் கோடிக்கணக்கான எளிய மக்களைச் சுமந்தது சாதாரண வகுப்புப் பெட்டி அன்றோ? உணவகமான பெட்டியில் கூடு மட்டுமே மிஞ்சுகிறது. சக்கரம், சுருள்வில், இருக்கை, இணைப்பு யாவும் ஓடிய நிலையிலேயே இருந்தால்தான் அது வரலாற்றுச் சான்றாகும். 2002-இல் திறக்கப்பட்ட சென்னை ரயில் அருங்காட்சியகம் போன்ற இடங்களில், பக்கச் சுவரை வெட்டி உள்ளமைப்பு தெரியும்படி இத்தகைய பெட்டி ஒன்று நிற்க வேண்டும். பலரின் உயிரைக் காத்த வடிவத்தையும், அதற்கே இருந்த குறையையும் மாணவர்கள் ஒருங்கே காணலாம். பெட்டிகள் ஏராளமாக இருக்கும்போதே ஒன்றை எடுத்துவைப்பது எளிது. கடைசிப் பெட்டியும் உலைக்குப் போனபின் தேடிப் பயனில்லை.