கலண்டர் லட்சுமியும் நிற அட்டையும்

மண்டூரில் நகைக்கடை, புடவைக்கடை தந்த கலண்டர் தொங்காத வீடு குறைவு. அதில் ஒரு லட்சுமி நிப்பா: சிவத்த சீலை, தாமரை, வெள்ளை முகம். அந்த முகத்துக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவர் தீட்டின தேவிமார் மலிவான படங்களாகிச் சாதாரண வீடுகளுக்குள்ள வந்தாங்க. பிறகு சவர்க்காரம், தீப்பெட்டி விக்கவும் அதே தேவிமார்தான்.

பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா என். இதைத்தான் கையில எடுத்தார். 2000–2004இல் கிளேர் ஆர்னியோட சேர்ந்து 'தென்னிந்தியாவின் சுதேசப் பெண்கள்' என்ற புகைப்படத் தொடரைச் செய்தார். ரவி வர்மாவின் லட்சுமியாக, வேளாங்கண்ணி மாதாவாக, ஜெயலலிதாவின் பழைய சினிமாக் காட்சியாக அவரே வேஷங்கட்டி நிண்டார். வேஷம் வேஷமெண்டே தெரியும். கிண்டலும் அங்கதான் இருக்கு.

ஆனா எனக்கு முக்கியம் அந்தத் தோடர் பெண் படம். 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் உடம்பை அளந்து எடுத்த படங்கள் மாதிரி, அளவுகளோட. லட்சுமிக்குப் பக்கத்தில அதை வைச்சுப் பாருங்க, அவவும் ஒரு அளவுதான். பெண்களை அதுக்குள்ள அடக்கத்தானே கிறீமும் விக்கிறாங்க? 1975இல் வந்த 'ஃபெயார் அண்ட் லவ்லி'யோட தோல் நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிற அட்டையும் குடுத்தாங்க. அதை 2019இல்தான் எடுத்தாங்க. அடுத்த வருசம் பேரையும் மாத்தினாங்க. கிறீம் இன்னும் கடையில இருக்கு.