இடம் மாறிய இலக்கத்தகடு: வன்னியின் பழைய கார்களும் பழுதுபார்ப்பின் காலவரிசையும்

பழைய வாகனங்களைப் பேணும் தொழிலைப் பற்றி எழுதுபவர் எவரும் இன்று டேவிட் எட்ஜர்டனைக் கடந்து போக முடியாது. 2006இல் வெளிவந்த 'த ஷொக் ஒஃப் தி ஓல்ட்' என்ற நூலில், தொழில்நுட்பத்தின் வரலாற்றைக் கண்டுபிடிப்புகளின் வரலாறாக எழுதும் வழக்கத்தை அவர் உடைத்தார். எது எப்போது கண்டுபிடிக்கப்பட்டது என்பதைவிட, எது எங்கே எவ்வளவு காலம் பயன்பட்டது என்பதே முக்கியம் என்றார். பராமரிப்புக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கினார். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியின் கராஜ்களைப் பற்றி எழுத முனையும் எனக்கு அந்த அத்தியாயம்தான் கதவைத் திறந்தது. ஆனால் அதன் மையமான வாசிப்பு ஒன்றை நான் ஏற்கவில்லை. இக்கட்டுரை அந்த மறுப்பிலிருந்தே தொடங்குகிறது.

எட்ஜர்டன் காட்டும் உதாரணம் கானா. குமாசி நகரின் சுவாமே மகசின் பகுதியில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் உள்ளன. வெளிநாட்டிலிருந்து வந்திறங்கும் வாகனம் முதலில் வேகமாகச் சீர்கெடுகிறது. பிறகு உள்ளூர் மெக்கானிக்குகளின் கைக்குப் பழகி, தாழ்ந்த ஒரு தரத்தில் நிலைகொள்கிறது. அதன்பின் இடையறாத பழுதுபார்ப்பால் அது முடிவின்றி ஓடிக்கொண்டிருக்கிறது. அதாவது, ஏழை நாடுகளின் பழுதுபார்ப்பு ஒரு சமநிலை. தேய்வும் திருத்தமும் ஒன்றையொன்று ஈடுசெய்யும் தராசு.

இந்த வாசிப்பின் வலிமையை மறுக்க முடியாது. தொழிற்சாலை வெளியிட்ட கைநூலில் இல்லாத அறிவு பட்டறையில் உண்டு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் சொன்னதில்லை. ஆனால் இந்தத் தராசுக்கு மறைமுகமான ஒரு நிபந்தனை இருக்கிறது: சாமான் வந்துகொண்டே இருக்க வேண்டும். குமாசிக்குத் துறைமுகத்திலிருந்து பாதை திறந்திருக்கிறது. பழைய வண்டி கப்பலில் வருகிறது, உடைக்கப்படுகிறது, அதன் உறுப்புகள் பிற வண்டிகளுக்குப் போகின்றன. வன்னியில் 1990இல் போர்க்காலப் பொருளாதாரத் தடை இறுகியபின் அந்தப் பாதை இருக்கவில்லை. உள்ளே இருந்த வண்டிகளின் தொகை மூடிய தொகை. ஓடும் ஒரு கார் ஓடாத இன்னொரு காரைத் தின்றே ஓடியது. கூட்டல் இல்லாத இடத்தில் சமநிலை எப்படி வரும்? அங்கு நடந்தது கழித்தல். குளத்துக்கு வரத்து நின்றபின் அளந்து அளந்து நீர் திறக்கும் வேலையை எவரும் சமநிலை என்று சொல்வதில்லை.

எட்ஜர்டனின் சட்டகத்தில் காலம் இல்லை என்பது என் இரண்டாவது மறுப்பு. கானாவின் வண்டி நிலைகொண்டபின் அதற்கு வரலாறு நின்றுவிடுகிறது. நேற்றும் இன்றும் ஒன்றே. வன்னியின் வண்டியிலோ ஒவ்வொரு ஒட்டுக்கும் ஓர் ஆண்டு உண்டு. அந்த ஆண்டுகளைப் பிரித்தறியாமல், எல்லாவற்றையும் 'தடைக்காலத்துக் கெட்டித்தனம்' என்று ஒரே பொதியாகக் கட்டிவிடும் நம்மவர் வழக்கமும் இதே பிழையைத்தான் செய்கிறது.

காலவரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வன்னியில் வாடகைக் காராக ஓடியவற்றில் பெரும்பங்கு ஒஸ்ரின், மொறிஸ் வகைகள். ஒஸ்ரின் ஏ 40 சொமர்செற் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி ஏறத்தாழ நின்றது. அது தளர்ந்தது 1977இல்தான். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை இறுகியபோது, ஒரு சொமர்செற்றின் வயது குறைந்தது 36. அதாவது, தடைக்கு முன்பே அது தன் ஆயுளில் ஏறத்தாழப் பாதியைப் புதுச் சாமான் அரிதான காலத்தில் ஓடிமுடித்திருந்தது. புஷ்ஷைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து போடுவதும், தேய்ந்த தண்டுக்கு உலோகம் ஏற்றி மறுபடி அளவுக்குக் கொண்டுவருவதும், தகரம் அடித்து மட்கார்ட் செய்வதும் 1960களிலும் 70களிலும் கைவந்த வித்தைகள். தடை இவற்றைப் பெற்றெடுக்கவில்லை. ஏற்கெனவே கைத்தொழிலாகிவிட்டிருந்த ஒன்றை அது உயிர்த்தொழிலாக்கியது.

அப்படியானால் 1990 எதை மாற்றியது? நோக்கத்தை மாற்றியது என்பது என் வாதம். அதற்கு முன் திருத்தியவர் 'இந்தக் காரை' காப்பாற்றினார். அதற்குப் பின் திருத்தியவர் 'ஒரு காரை' காப்பாற்றினார். பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் ஆளை ஏற்றிப்போக ஊரில் ஒரு வண்டி வேண்டும். அது எந்த வண்டி என்பது பொருட்டல்ல. இந்த மாற்றத்துக்கு எழுத்துச் சான்று கிடைப்பது அரிது. 1996இல் கிளிநொச்சி இடம்பெயர்ந்தது, 2009இல் வன்னி முழுவதுமே இடம்பெயர்ந்தது. லொக் புத்தகங்களும் கராஜ் கணக்குக் கொப்பிகளும் அந்தப் பாதைகளில் போயின. மிஞ்சிய சான்று இரும்பில் இருக்கிறது. அதில் ஒன்றை இங்கு நிதானமாகப் பார்க்கிறேன்.

கிளிநொச்சிக்கு அண்மையில் ஒரு கராஜின் பின்வளவில், பாலை மரத்தடியில் நிற்கும் ஒஸ்ரின் ஏ 55 கேம்பிறிஜ் அது. பின்புறத்தில் இரு சிறகுகள் போல உயரும் விளிம்புகளால் இரண்டாம் வகை என்று உடனே தெரியும். பூட் மூடியில் மாட்டியிருந்த இலக்கத்தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் மெல்லத் துடைத்தேன். மேற்படை சாதாரணக் கறுப்பு மை. அதன் கீழ் வெள்ளையில் தூரிகையால் எழுதிய தமிழ் 'ஸ்ரீ'. அதன் வலக்காலுக்கு அடியில், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும் வளைவாக, சிங்கள 'ஸ்ரீ'யின் மேடு. தொடக்க எண் 1. அடுத்து வரும் நான்கு இலக்கங்களில் முதலாவது துருவில் போய்விட்டது.

வரலாறு அறிந்தவருக்கு இந்தப் படைகள் என்ன சொல்கின்றன என்று விளக்க வேண்டியதில்லை. சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத்தகடுகளில் வந்தது 1957 ஜனவரியில். அதற்கு முன் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளே இருந்தன. சிங்கள எழுத்தை அழித்துத் தமிழ் எழுத்தை எழுதிய ஸ்ரீ எதிர்ப்பு இயக்கம் உச்சம் கண்டது 1958 மார்ச்சிலும் ஏப்ரலிலும். அந்த ஏப்ரல் 9இல்தான் பண்டா–செல்வா ஒப்பந்தமும் கிழிந்தது. ஆகவே தகட்டை 1958 என்று எழுதிவிடக் கை துடிக்கும்.

ஆனால் கார் அதற்கு இடம் தரவில்லை. இந்த இரண்டாம் வகைக் கேம்பிறிஜ் சந்தைக்கு வந்ததே 1959இல். 1958இல் எழுத்து மாற்ற இந்தக் கார் பூமியிலேயே இல்லை.

மூன்று விளக்கங்கள் சாத்தியம். எழுத்து மாற்றும் வழக்கம் 1958க்குப் பிறகும், 1961 சத்தியாக்கிரகக் காலம்வரை, ஆங்காங்கே தொடர்ந்திருக்கலாம். அல்லது, வெகு பின்னர், வேறொரு அரசியல் சூழலில் எவரோ எழுதியிருக்கலாம். அல்லது, தகடு இந்தக் காருடையதே அல்ல. நான் மூன்றாவதன் பக்கம் சாய்கிறேன். காரணம், தகட்டில் ஆறு துளைகள் உள்ளன. அவற்றில் இரண்டுக்கு மட்டுமே பூட் மூடியில் இணைத் துளை உண்டு. மற்ற நான்கும் வேறு அகலமுள்ள ஒரு சட்டத்துக்காகத் துளைக்கப்பட்டவை. அந்த நான்கின் ஓரங்களில் தமிழ் எழுத்தின் வெள்ளை மை உள்ளே வழிந்திருக்கிறது. இரண்டின் ஓரங்களில் மை உடைந்திருக்கிறது. அதாவது, தமிழ் எழுத்து எழுதப்பட்டபோது நான்கு துளைகள் இருந்தன. இரண்டு துளைகள் எழுத்துக்குப் பிந்தியவை. தகடு எழுதப்பட்டபின் வேறொரு காரிலிருந்து இங்கு வந்தது.

இதைக் கராஜ்காரரிடம் சொன்னேன். எழுபதைத் தாண்டியவர். சிரித்துக்கொண்டே, "நம்பர் பிளேற்றும் ஒரு சாமான்தானே தம்பி. கழட்டினா அடுத்ததுக்குப் போடுறதுதான்" என்றார். எந்தக் காரிலிருந்து வந்தது, எந்த ஆண்டு மாற்றினார் என்று கேட்டேன். "அண்ணை இருக்கேக்க" என்றார். அவருடைய அண்ணர் எப்போது இறந்தார் என்பதைச் சுற்றியே இந்த ஆண்டு இப்போதைக்கு நிற்கிறது. தகட்டின் எழுத்து 1958ஆக இருக்கலாம். அது இடம் மாறிய ஆண்டு 1990களாக இருக்கலாம். இரண்டையும் 'இருக்கலாம்' என்றே விடுகிறேன். உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று: ஒரு காரின் பெயரை இன்னொரு கார் சுமந்திருக்கிறது. எட்ஜர்டனின் சமநிலையில் இதற்கு இடமில்லை. ஓடிக்கொண்டேயிருக்கும் ஒரே வண்டியின் கதையாக அதைச் சொல்ல முடியாது. இரண்டு வண்டிகளின் இழப்பிலிருந்து பிறந்த மூன்றாவது வண்டி இது.

அதே காரின் எஞ்சின் இன்னொரு காலப்படையைக் காட்டுகிறது. தலையைக் கழற்றியபோது கஸ்கற் இரட்டையாகப் போடப்பட்டிருந்தது. தடைக்காலத்தில் பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயில் ஓட்டச் செய்த ஏற்பாடு அது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. அழுத்தம் கூடினால் தட்டும். எஞ்சின் சூடேறும்வரை கொஞ்சம் பெற்றோலில் ஓட்டி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். ஏ 40 போன்ற 1950களின் தொடக்கத்து எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் இயங்கியவை என்பதால் அதைச் சகித்தன. ஏ 55இன் 1489 கனசென்ரிமீற்றர் எஞ்சின் சற்றுக் கூடிய அழுத்தம் கொண்டது. இரண்டாவது கஸ்கற் தலையை உயர்த்தி அந்த அழுத்தத்தைக் குறைக்கிறது. காபரேற்றரும் எக்ஸோஸ்ற் குழாயும் ஒரே பக்கத்தில் இருப்பது இந்த எஞ்சினின் அமைப்பு. மண்ணெண்ணெய்க் குழாயை அந்தச் சூட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்திருக்கிறார்கள்.

இதைத் தடை கற்றுத்தந்ததா? இங்கு என்னிடம் சான்று குறைவு, ஆனால் வாதம் உண்டு. பெற்றோலில் தொடங்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய் சார்ந்த எண்ணெயில் ஓடும் உழவு இயந்திரங்களை 1940களிலேயே பிரித்தானியாவில் செய்தார்கள். பேர்கசன் ரீஈ 20 வரிசையில் அப்படி ஒரு வகை உண்டு. எக்ஸோஸ்ற் சூட்டால் எண்ணெயை ஆவியாக்கும் அதே முறைதான் அதிலும். குடியேற்றத் திட்டங்களால் வயல்நாடாக விரிந்த வன்னியில் காரைத் திருத்தியவரும் உழவு இயந்திரத்தைத் திருத்தியவரும் ஒருவரே. அப்படிப்பட்ட ஒருவர் 1990இல் வெறுங்கையோடு புதிதாய்க் கண்டுபிடித்தார் என்பதைவிட, தொழிலில் முன்பே புழங்கிய ஓர் அறிவை எடுத்துத் திருப்பினார் என்பதே எனக்குப் பொருந்துகிறது. அவரது திறமையை இது குறைக்கவில்லை. அதற்கு ஒரு வம்சாவளி தருகிறது.

அந்தத் திறமைக்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலில் இறங்கி அதை நீராக்கும். பிஸ்ரன் வளையங்களும் பெயாரிங்குகளும் தேயும். ஓட்டம் தொடர்ந்தது, ஆனால் எஞ்சின் தன் ஆயுளைக் கொடுத்தே அதைத் தொடர்ந்தது. கழித்தல் என்று நான் சொன்னது இதையும் சேர்த்துத்தான்.

இனி மீளமைப்பைப் பற்றி. இரண்டாம் வகைக் கேம்பிறிஜின் உடலை வரைந்தது இத்தாலியின் பினின் பரீனா நிறுவனம். அதே ஆண்டுகளில் அதே வரைகூடத்திலிருந்து பெராரி 250 வகைக் கார்களும் வந்தன. இன்று அந்தப் பெராரியை மீளமைப்பவர் மரனெல்லோவில் 2006இல் தொடங்கிய 'பெராரி கிளாசிக்கே' பிரிவின் சான்றிதழை நாடுகிறார். சஸி இலக்கம், எஞ்சின் இலக்கம், கியர்பெட்டி எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். லம்போர்கினி 2015இல் 'போலோ ஸ்டோரிக்கோ' பிரிவைத் தொடங்கியதும் இதே நோக்கில்தான். அந்த மீளமைப்பின் நுணுக்கம் வியக்கத்தக்கது. ஒரு திருகாணியின் பூச்சுக்காக மாதக்கணக்கில் தேடுகிறார்கள். ஆனால் அது கார் பிறந்த நாளுக்குத் திரும்பும் பயணம். இடையில் வாழ்ந்த ஆண்டுகள் அதற்கு அழுக்கு.

இந்த அளவுகோல் இப்போது வடக்குக்கும் வந்துவிட்டது. 2009க்குப் பிறகு பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் தேடி வெளியூர்களிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நின்றபின் பழைய கார்களின் மதிப்பு இன்னும் உயர்ந்தது. வாங்குபவர் முதலில் செய்விப்பது மீளமைப்பு: இரட்டைக் கஸ்கற் ஒற்றையாகிறது, சுற்றிய குழாய் கழற்றப்படுகிறது, தகடு புதிதாக எழுதப்படுகிறது. அவர் தம் சொத்தைச் செப்பனிடுகிறார், அதில் குறை காண உரிமையில்லை. ஆனால் மரனெல்லோவிடம் தொழிற்சாலைப் பதிவேடு இருக்கிறது. வன்னியிடம் இருப்பது காரின் உடல் மட்டுமே. அங்கு மீளமைத்தால் ஆவணம் மிஞ்சும். இங்கு மீளமைத்தால் ஆவணமே அழியும்.

எனவே பழைய கார்களை வைத்திருப்போரிடம் ஒரு வேண்டுகோள். திருத்துங்கள், ஓட்டுங்கள், விற்கவும் செய்யுங்கள். அதற்கு முன் ஒரு பின்னேரத்தை ஒதுக்கி, பொனற்றைத் திறந்து, ஒவ்வொரு ஒட்டையும் படம் எடுங்கள். அதைச் செய்தவர் யார், எந்த இடப்பெயர்வுக்கு முன் அல்லது பின் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கழற்றிய பழைய சாமானை இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாமல் ஒரு பெட்டியில் வையுங்கள். பாலை மரத்தடிக் கேம்பிறிஜின் தகட்டை அதன் உரிமையாளர் கழற்றாமல் விடச் சம்மதித்திருக்கிறார்.