மூதவை, இலங்கை: கட்சிப் பிரதிநிதித்துவமும் உறுப்பினர் மாற்றமும்

மூதவை என்பது, சோல்பரி அரசியல் யாப்பின்படி இலங்கைப் பாராளுமன்றத்தின் மேற்சபையாக 1947 முதல் 1971 வரை இயங்கியதும், மக்கள் வழக்கில் செனற் சபை என்று பெரிதும் அறியப்பட்டதுமான சபையாகும். 30 உறுப்பினர்களைக் கொண்ட இச்சபை கொழும்புக் கோட்டையிலிருந்த பழைய சட்டநிரூபண சபைக் கட்டிடத்தில் 1947 நவம்பர் 12ஆம் திகதி முதன்முறையாகக் கூடி, 1971 அக்டோபர் 2ஆம் திகதி சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. தேர்தல் தொகுதி எதனையும் சாராத சபையாதலால், கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் முதலிய கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களுக்கென அதில் தனி ஆசனம் ஒருபோதும் இருந்ததில்லை. ஆயினும் அவ்வூர்களோடு நெருங்கிய தொடர்புடையோர் சிலர் அங்கு அமர்ந்தமையாலும், அவ்வூர்கள் அனுப்பிய பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களே மூதவைத் தேர்தலின் வாக்காளரில் ஒரு பகுதியினராய் இருந்தமையாலும், மூதவையின் வரலாறு இக்கரையோரத்தின் அரசியல் வரலாற்றோடு பல இடங்களிற் பின்னிக் கிடக்கின்றது.

அமைப்பும் தேர்தல் முறையும்

முப்பதின்மருள் பதினைவரைப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்கள், மாற்றத்தகு தனிவாக்கு முறையில், விகிதாசாரப் பிரதிநிதித்துவ அடிப்படையிலே தெரிவு செய்தனர். எஞ்சிய பதினைவரை மகாதேசாதிபதி, பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி நியமித்தார். நியமனம் பெறுவோர் பொதுச்சேவையிலோ, கல்வி, சட்டம், வைத்தியம், வர்த்தகம், விவசாயம் முதலிய துறைகளிலோ மேம்பட்டவராயிருத்தல் வேண்டும் என்பது யாப்பின் நோக்கம். பதவிக்காலம் ஆறாண்டு, ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பகுதியினர் விலக, ஐவர் தேர்தலினாலும் ஐவர் நியமனத்தினாலும் புதிதாய் வந்தனர். பிரதிநிதிகள் சபை கலைக்கப்படினும் மூதவை கலைவதில்லை. நிதி மசோதாக்களை ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்திவைக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஏனைய மசோதாக்களைத் தாமதப்படுத்தலாமேயன்றி, கீழ்ச்சபை விடாப்பிடியாய் நின்றால் முற்றாய்த் தடுத்துவிட இயலாது. மந்திரிகளில் இருவரேனும் மூதவையினராயிருத்தல் வேண்டும் என்றும், அவர்களுள் ஒருவர் நீதி மந்திரியாயிருத்தல் வேண்டும் என்றும் யாப்பு விதித்தது. சேர் ஜெராட் விஜேகோன் முதல் தலைவராகவும், ஏ. ரத்நாயக்க இறுதித் தலைவராகவும் விளங்கினர்.

இம்முறையின் கணக்கு கவனிக்கத்தக்கது. ஒரே வேளையில் ஐந்து இடங்களுக்குத் தேர்தல் நிகழும்போது, ஓர் இடத்தை உறுதியாய் வெல்ல, வாக்களிப்போரில் ஆறில் ஒரு பங்கினரின் ஆதரவு ஏறத்தாழ வேண்டும். 101 உறுப்பினர் கொண்ட முதற் சபையில் அது ஏறக்குறைய 17 வாக்கு. 1960க்குப் பின் 157 உறுப்பினராய்ப் பெருகிய சபையில் ஏறக்குறைய 27 வாக்கு. ஆகவே 1965இல் 14 ஆசனங்களை மட்டுமே பெற்ற தமிழரசுக் கட்சி போன்ற ஒரு கட்சி, கூட்டணியினரின் துணையின்றியோ ஆளுங்கட்சியின் நியமனமின்றியோ மூதவையிற் புதிய ஆசனம் பெறுதல் அரிது. விகிதாசாரம் என்று பெயர்பெற்றிருந்தும், சிறிய கட்சிகளுக்கும் சிறுபான்மைச் சமூகங்களுக்கும் அதன் வாயில் பெரும்பாலும் பிறர் திறந்தாலன்றித் திறவாத வாயிலாகவே இருந்தது.

கட்சிகளின் ஏற்றத்தாழ்வு

படிப்படியான ஓய்வுமுறை காரணமாக, மூதவையின் கட்சிநிலை எப்போதும் பொதுத்தேர்தலின் முடிவுக்குப் பின்தங்கியே மாறியது. 1956இல் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க தலைமையில் மக்கள் ஐக்கிய முன்னணி பெருவெற்றியடைய, ஐக்கிய தேசியக் கட்சி கீழ்ச்சபையில் எட்டு ஆசனங்களோடு நின்றுவிட்ட போதிலும், அக்கட்சியின் ஆட்சிக்காலத்திற் புகுந்தவர்கள் மூதவையில் தொடர்ந்து வீற்றிருந்தனர். மறுபுறத்தே, மக்களால் நேரடியாய்த் தெரிவு செய்யப்படாதவர் ஆட்சியில் இடம்பெறுவதற்கும் மூதவையே வழியாயிற்று. 1960 ஜூலை 21ஆம் திகதி பிரதம மந்திரியாய்ப் பதவியேற்று உலகின் முதற் பெண் பிரதமர் என்னும் சிறப்பைப் பெற்ற சிறிமாவோ பண்டாரநாயக்க, அடுத்த மாதம் மூதவை உறுப்பினராகி, 1965 வரை அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். 1965இல் அமைந்த டட்லி சேனநாயக்கவின் கூட்டரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் உள்ளூராட்சி மந்திரியான மு. திருச்செல்வமும் மூதவை வழியாகவே மந்திரிசபையிற் புகுந்து, 1968இல் அப்பதவியைத் துறந்தார்.

கட்சி மாறியவர் ஆசனம் இழத்தல் வேண்டும் என்னும் விதி அக்காலத்து யாப்பில் இல்லை. ஒருவர் கட்சியை விட்டு விலகிய பின்னும், தம் பதவிக்காலம் முடியும்வரை சுயேச்சையாய் அமர்ந்திருக்கலாம். அதனால் உறுப்பினர் மாறாமலே கட்சிநிலை மாறுதலும் உண்டு.

கிழக்குக் கரையோரத் தொடர்பு

அம்பாறை மாவட்டம் 1961இல் தனியாய்ப் பிரிக்கப்படும்வரை கல்முனைப் பிரதேசம் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாயிருந்தது. 1931இல் அரசாங்க சபையில் மட்டக்களப்புத் தெற்கின் உறுப்பினராயிருந்த சேர் முகம்மது மாக்கான் மாக்கார் மூதவையின் தொடக்ககால முஸ்லிம் உறுப்பினருள் ஒருவர். 1947இல் மூதவையில் இடம்பெற்ற மற்றொரு முஸ்லிம் தலைவரான சேர் ராசிக் பரீத், 1952இல் பொத்துவில் தொகுதியில் போட்டியிட்டு வென்று கீழ்ச்சபைக்குச் சென்றார். இருவரும் இம்மண்ணிற் பிறந்தவரல்லர். வெளியூர்த் தலைவர்க்கு வாக்களித்து அவர்களை அரசியலில் உயர்த்திய தொகுதிகள் இக்கரையோரத்தில் அக்காலத்தில் இருந்தமையை இது புலப்படுத்தும்.

இத்தொடர்பிற் சிறந்தவர் ஏ. எம். ஏ. அஸீஸ் (1911–1973). யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, இலங்கை சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிமான இவர், இரண்டாம் உலகப் போரின்போது 1942இல் உணவு உற்பத்தியைப் பெருக்கும் பொருட்டுக் கல்முனையில் அமைக்கப்பட்ட அவசரக் கச்சேரியின் உதவி அரசாங்க அதிபராய் அனுப்பப்பட்டார். வயலும் கடலும் வளம் கொழிக்க, கல்வி மட்டும் பின்தங்கிக் கிடந்த இவ்வூர்களின் நிலை அவர் உள்ளத்திற் பதிந்தது. கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் அதன் பயனாய் எழுந்தது. 1945இல் அவர் நிறுவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதிக்கும் அவ்வனுபவமே வித்து. சுவாமி விபுலாநந்தரோடும் காத்தான்குடிக் கவிஞர் அப்துல் காதர் லெப்பையோடும் அவர் கொண்ட நட்பு கிழக்கிலங்கையில் இன்றும் நினைவுகூரப்படுவது. 1948இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரான அஸீஸ், 1952இல் மூதவை உறுப்பினராகி 1963 வரை அப்பதவியில் இருந்தார். ஐக்கிய தேசியக் கட்சியின் உறுப்பினராயிருந்தும், 1956இல் சிங்களம் மட்டுமே அரசகரும மொழியாக வேண்டும் என்னும் கொள்கையை அக்கட்சியும் ஏற்றபோது, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களின் நிலையைக் கருதி அதிலிருந்து விலகினார். கட்சியை இழந்தாரேயன்றி ஆசனத்தை இழக்கவில்லை. தொகுதி வாக்காளரையோ கட்சிக் கொறடாவையோ அஞ்ச வேண்டாத ஓர் இடத்திலிருந்து மனச்சாட்சிப்படி பேசும் வாய்ப்பை மூதவையின் அமைப்பே அவருக்கு அளித்தது. 1963இல் பொதுச்சேவை ஆணைக்குழுவின் உறுப்பினராகி மூதவையை விட்டு நீங்கினார்.

கீழ்ச்சபையில் இக்கரையோரப் பிரதிநிதிகளின் கட்சி மாற்றம் இதனினும் அடிக்கடி நிகழ்ந்தது. 1947இல் ஐக்கிய தேசியக் கட்சியின் சார்பிற் கல்முனையில் வென்ற கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர், 1956இல் தமிழரசுக் கட்சியின் சார்பில் வென்றார். பொத்துவிலில் அதே கட்சியின் சார்பில் எம். எம். முஸ்தபா வென்றார், இருவரும் விரைவில் அரசாங்கப் பக்கம் சேர்ந்தனர். 1960 ஜூலையில் தமிழரசுக் கட்சி வேட்பாளராய்க் கல்முனையில் வென்ற எம். சி. அகமதே, 1970இல் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் சார்பில் அத்தொகுதியை வென்றார். மூதவைத் தேர்தலில் வாக்களித்தவர் கீழ்ச்சபை உறுப்பினரே ஆதலின், இத்தகைய மாற்றம் ஒவ்வொன்றும் மேற்சபையிற் கட்சிகளின் வாக்குப் பலத்தையும் ஓரளவு கூட்டியோ குறைத்தோ வந்தது.

உள்ளூரவர் ஒருவர் மூதவையில் அமர்ந்தது அதன் இறுதிக் காலத்திலேதான். நெசவுத் தொழிலாற் புகழ்பெற்ற மருதமுனையைச் சேர்ந்த மசூர் மௌலானா தமிழரசுக் கட்சியின் சார்பில் அதன் உறுப்பினராயிருந்தார். சபை மறைந்து பல பத்தாண்டுகள் சென்ற பின்னும் ஊரார் அவரைச் செனட்டர் என்றே அழைத்தனர்.

ஒழிப்பும் பின்விளைவும்

1970 மே மாதம் நடந்த பொதுத்தேர்தலில், தெரிவு செய்யப்படும் 151 ஆசனங்களில் 116ஐச் சிறிமாவோ பண்டாரநாயக்க தலைமையிலான ஐக்கிய முன்னணி வென்றது. ஆயினும் முந்திய ஆட்சிக்காலத்தவரே மிகுந்திருந்த மூதவை அதன் திட்டங்களுக்கு இசையாமையால், மக்களின் தீர்ப்பை மக்களால் தெரிவு செய்யப்படாதார் மறிப்பதோ என்னும் கண்டனம் வலுத்தது. சோல்பரி யாப்பின் எட்டாம் திருத்தத்தினால் சபை ஒழிந்தது. 1972 மே 22ஆம் திகதி நடைமுறைக்கு வந்த குடியரசு யாப்பு ஒரே சபையை மட்டும் அமைத்தது. படிப்படியாய் மாறுதல் என்னும் எந்த இயல்பு அஸீஸ் போன்றாருக்குச் சுதந்திரம் அளித்ததோ, அதே இயல்பே சபையின் முடிவுக்கும் காரணமாயிற்று.

அண்டை நாடான இந்தியாவில் 1952இல் அமைந்த மாநிலங்களவையும் ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கு உறுப்பினரை மாற்றுவதே. ஆயினும் அதன் பெரும்பாலான உறுப்பினரை மாநிலச் சட்டமன்றங்கள் தெரிவு செய்வதனால், சென்னை மாநிலத்திலிருந்து 1952இல் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் அங்குச் சென்றதைப்போல், சிறுபான்மைத் தலைவர்க்கு வேறொரு வாயில் அங்குண்டு. இலங்கையில் அவ்வாயில் இல்லை. 1988இல் ஏற்படுத்தப்பட்ட 29 தேசியப்பட்டியல் ஆசனங்களே நியமன வழியை ஓரளவு மீட்டன. கல்முனையை மையமாகக் கொண்டு எம். எச். எம். அஷ்ரஃப் வளர்த்த ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸ் 1989 முதல் பாராளுமன்றத்தில் இடம்பெற்றபின், அவ்வாசனம் எவ்வூருக்கு என்பது இக்கரையோரத்தில் ஓயாத வாதமாயிற்று. 1978ஆம் ஆண்டு யாப்போ, கட்சியை விட்டு நீங்குபவர் ஆசனமும் இழக்க நேரிடும் என விதித்தது. அஸீஸுக்குக் கிடைத்த சுதந்திரம் இன்றைய உறுப்பினர்க்கு அத்துணை எளிதன்று.

2017இல் அரசியலமைப்புப் பேரவையின் வழிநடத்தற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கை, மாகாணம் ஒன்றுக்கு ஐவர் வீதம் 45 பேரும், பாராளுமன்றம் தெரிவு செய்யும் பதின்மரும் கொண்ட 55 பேர் இரண்டாம் சபை ஒன்றை முன்மொழிந்தது, அம்முன்மொழிவு சட்டமாகவில்லை.