உள் லைட்டைப் போடுங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த நோன்பில் ஒரு நாள், தராவீஹ் முடிந்து புறக்கோட்டையில் எங்கள் தெருவால் நடந்து வந்துகொண்டிருந்தோம். முன்னால் ஒரு கார் திரும்பியது. வெள்ளை வெளேரென்ற வெளிச்சம். கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றுவிட்டோம். எங்களுக்கு முன்னே போன வயதான ஹாஜியார் நிற்கவில்லை. அந்த வெளிச்சத்தில் வடிகானின் ஓரம் தெரியாமல் கால் வைத்து விழுந்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ், எலும்பு முறியவில்லை, முழங்கை மட்டும் உரசியிருந்தது. காரை ஓட்டி வந்தவர் பதறிப்போய் இறங்கி ஓடி வந்தார். பார்த்தால் எங்களிடம் படித்த பிள்ளை.

"சேர், நேற்றுத்தான் புது எல்.ஈ.டி பல்ப் போட்டேன். பழையது மங்கல். இவ்வளவு அடிக்கும் எண்டு எனக்குத் தெரியாது" என்றார். பிறகு ஒரு கேள்வியும் கேட்டார்: "நல்ல வெளிச்சம் போடுறது பிழையா சேர்?"

அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வரலாறு படிப்பிக்கும் எங்களுக்கு வரலாற்றின் வழியாகத்தான் பதில் வரும். அதனால் இந்தப் பதிவு.

கொழும்புக்கு மின்சாரம் வந்த கதையிலிருந்து தொடங்குவோம். 1895இல் கோட்டையில் இருந்த பிரிஸ்டல் ஹோட்டலில் பூஸ்டட் சகோதரர்கள் ஜெனரேட்டர் வைத்து மின்விளக்கு எரித்தார்கள். 1899இல் அவர்களின் மின்சார ட்ராம் வண்டி ஓடத் தொடங்கியது. கோட்டையிலிருந்து புறக்கோட்டை வழியாக கிராண்ட்பாஸுக்கு ஒரு பாதை, பொரளைக்கு ஒரு பாதை. இரண்டாம் குறுக்குத் தெருவில் நம் சிவப்புப் பள்ளி 1909இல் கட்டி முடிக்கப்பட்டபோது இந்த ஊரில் ட்ராம் ஓடி பத்து வருடம் ஆகியிருந்தது.

ட்ராமுக்கு மின்சாரம் வந்துவிட்டது, ஆனால் அந்தக் காலத்து மோட்டார் கார்கள் பெரும்பாலானவற்றுக்கு வரவில்லை. அவற்றில் இருந்தது எண்ணெய் விளக்கும் கார்பைட் விளக்கும்தான். கார்பைட் கட்டியின் மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும். அதிலிருந்து கிளம்பும் அசெட்டிலீன் வாயுவைத் தீக்குச்சியால் பற்ற வைப்பார்கள். பொழுதுபட்டால் காரை நிறுத்தி, இறங்கி, விளக்கேற்றிவிட்டுத்தான் பயணத்தைத் தொடர வேண்டும். 1912இல் அமெரிக்காவின் கெடிலக் கம்பனி மின்சார ஸ்டார்ட்டரையும் மின்விளக்கையும் ஒன்றாகப் பொருத்தி கார்களை விற்கத் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் டைனமோ, பெட்டரி, பல்ப் என்ற ஏற்பாடு எல்லாக் கார்களுக்கும் பரவியது.

மின்விளக்கு வந்த கையோடு புதிய பிரச்சினையும் வந்தது. எதிரே வருபவருக்குக் கண் கூசியது. இன்று நேற்று வந்த சண்டையல்ல இது, நூறு வருடச் சண்டை. 1915இலேயே அமெரிக்காவில் விளக்கைக் கீழே சாய்க்கும் ஒரு ஏற்பாடு வந்தது. அதற்கும் வண்டியை நிறுத்தி இறங்கித்தான் சாய்க்க வேண்டும்! 1924இல் ஒஸ்ராம் கம்பனி ஒரே பல்புக்குள் இரண்டு இழைகளை வைத்து "பைலக்ஸ்" என்று வெளியிட்டது. ஒரு இழை தூரத்துக்கு, மற்றது டிம்முக்கு. இன்று நாம் சாதாரணமாகத் தட்டிவிடும் டிம் சுவிட்சின் பாட்டன் அதுதான்.

இங்கே கொஞ்சம் விஞ்ஞானம் தேவை. உங்கள் ஹெட்லைட்டுக்குள் பளபளப்பான ஒரு கிண்ணம் இருக்கிறது. அதன் வளைவை கணிதப் பாடத்தில் பரவளைவு என்று படித்திருப்போம். பஸ்ராவில் பிறந்த நம் இப்னுல் ஹைதம் ஆயிரம் வருடங்களுக்கு முன்பே இந்த வளைவில் செய்த கண்ணாடிகளைப் பற்றித் தனியாக ஒரு நூல் எழுதினார். சமாந்தரமாக வரும் சூரியக் கதிர்களை அந்தக் கண்ணாடி ஒரே புள்ளியில் சேர்க்கும். ஹெட்லைட்டில் நடப்பது அதன் மறுபக்கம். அந்தப் புள்ளியில் விளக்கை வைத்தால் கதிர்கள் நேராகப் புறப்பட்டுப் போகும். புள்ளி கொஞ்சம் பிசகினாலும் கதிர் கண்ட இடத்துக்கும் போகும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

வெளிச்சமே ஆபத்தாக இருந்த காலத்தையும் இந்த ஊர் பார்த்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. விளக்கணைத்து இருந்த அந்தப் போர்க்கால இரவுகளைப் பற்றி நம் மூத்தம்மாமார் சொல்லக் கேட்டிருப்போம்.

போருக்குப் பின் வீதிகளில் ஒஸ்டின், மொரிஸ் மைனர், வொக்ஸ்வேகன் பீட்டில் எல்லாம் நிறைந்தன. பழைய பீட்டில்களில் 6 வோல்ட் மின்சாரம். அதன் ஹெட்லைட் வெளிச்சத்தைப் பற்றிப் பழைய சாரதிகளிடம் கேளுங்கள், சிரிப்பார்கள். 12 வோல்ட்டுக்கு மாற்றுவதென்றால் பல்ப் முதல் பெட்டரி வரை எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பல்பை மட்டும் மாற்றி வேலை முடியாது என்பதை அந்தத் தலைமுறை அன்றே படித்துக்கொண்டது.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு. பல்ப் ஒன்று போனால் இன்னொன்று தேடுவது பெரிய வேலை என்று மூத்தவர்கள் சொல்வார்கள். கழற்றிய பழைய சாமானுக்கு மதிப்பு வந்த காலம் அது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் ஜப்பானிலிருந்து ரிகண்டிஷன் வாகனங்கள் வரத் தொடங்கின. டீ.எக்ஸ் வேகன், சன்னி, லைட்ஏஸ் என்று வந்து நிறைய நிறைய, பஞ்சிகாவத்தையின் கடைகளும் நிறைந்தன. நமக்கு இதில் ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. ஜப்பானிலும் வாகனம் இடது பக்கம்தான் ஓடுகிறது. அதனால் அவர்களின் டிம் வெளிச்சம் நமக்கும் பொருந்தும், இடது கரையைக் காட்டும், எதிரே வருபவரை விட்டுவிடும். வலது பக்கம் ஓடும் நாடுகளுக்குச் செய்த ஹெட்லைட்டை வாங்கிப் பூட்டினால் அது நேரே எதிராளியின் கண்ணுக்கே போகும்.

இனி எங்கள் வீட்டுக் கதை.

1987 ஏப்ரல் 21இல் புறக்கோட்டை பஸ் நிலையத்தில் குண்டு வெடித்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கி. அந்த வருடங்களில் கொழும்பில் இரவில் வாகனம் ஓட்டிய எல்லோருக்கும் ஒரு பழக்கம் கையோடு ஒட்டியிருந்தது. செக் பொயின்ட் நெருங்கும்போது ஹெட்லைட்டை அணைத்துப் பார்க் லைட்டில் வர வேண்டும், உள் லைட்டைப் போட வேண்டும். ஹெட்லைட் எரிந்தால் காவலில் நிற்பவருக்குக் கண் தெரியாது. உள் லைட் எரியாவிட்டால் நம் முகமும் கையும் அவருக்குத் தெரியாது.

வாப்பாவிடம் ஒரு பழைய லைட்ஏஸ் வேன் இருந்தது. எங்களுக்கு அப்போது ஒன்பது பத்து வயதிருக்கும். வெள்ளவத்தையில் ஒரு வலீமா முடிந்து இரவில் திரும்பிக்கொண்டிருந்தோம். உம்மாவின் மடியில் தங்கச்சி தூக்கம். செக் பொயின்ட் கிட்ட வந்ததும் வாப்பா வழக்கம்போல் கையை உயர்த்தி சுவிட்சைத் தட்டினார். எரியவில்லை. மறுபடி தட்டினார், மூடியைக் குத்தினார். எரியவில்லை. வெளியே டோர்ச் வெளிச்சம் பாய்ந்தது. "லைட் எக்க தான்ன!" குரல் உயர்ந்தது. வாப்பா இரண்டு கையையும் ஸ்டியரிங் மேல் வைத்துக்கொண்டு, பல்ப் போய்விட்டது என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

எல்லோரும் இறங்கினோம். அடையாள அட்டை, சீட்டுக்கு அடியில், டயருக்கு அடியில் என்று எல்லாம் பார்த்தார்கள். தங்கச்சி விழித்து அழத் தொடங்கினாள். அரை மணித்தியாலம் போல நின்றிருப்போம். யாரும் கை வைக்கவில்லை, ஏசவும் இல்லை. டோர்ச் பிடித்திருந்தவரும் இளம் பிள்ளைதான், அவரும் பயந்துதான் இருந்திருக்கிறார் என்பது இப்போது விளங்குகிறது. ஆனால் உம்மா அன்றிரவு வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

அடுத்த நாள் காலை வாப்பா கடைக்குப் போகாமல் முதலில் பஞ்சிகாவத்தைக்குப் போனார். இரண்டு முனையும் கூரான, சின்னக் குழாய் போன்ற உள் லைட் பல்ப் இரண்டு வாங்கினார். ஒன்றைப் பூட்டினார். மற்றதைப் பில் துண்டில் சுற்றி டேஷ்போர்டுக்குள் வைத்தார். வேனை விற்கும்வரை அந்தப் பொட்டலம் அங்கேயே இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் போகுமுன் எங்களைப் பின்னால் நிற்கச் சொல்லி பிரேக் லைட், சிக்னல் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார். "எரியுதா மகன்?" என்று கேட்பார். நாங்கள் "எரியுது வாப்பா" என்று கத்துவோம்.

2009இல் யுத்தம் முடிந்தது. பிறகு 2019 ஏப்ரல் 21க்குப் பின்னான இரவுகளில், மறந்துபோன அந்தச் சுவிட்சைக் கை மறுபடியும் தேடியதை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம்.

சரி, அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம்.

மஞ்சள் பல்புக்குப் பின் வந்தது ஹெலஜன். 1962இல் ஐரோப்பாவில் முதல் ஹெலஜன் ஹெட்லைட் பல்ப், 1971இல் இரட்டை இழை எச் 4. இன்றும் நம்மூர் வாகனங்கள் பலவற்றில் ஓடுவது இந்த எச் 4தான். தூரத்துக்கு 60 வொட், டிம்முக்கு 55 வொட். டிம் இழையின் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், கழற்றிப் பாருங்கள். மேல் நோக்கிப் போகக்கூடிய வெளிச்சத்தை மறைப்பதுதான் அதன் வேலை. எதிரே வருபவரின் கண்ணைக் காப்பதற்காகவே பல்புக்குள் வைத்த ஒரு தடுப்பு அது.

எல்.ஈ.டி கெட்ட பொருள் அல்ல. நீல எல்.ஈ.டியைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2014இல் நோபல் பரிசே கிடைத்தது. எல்.ஈ.டிக்கென்றே செய்த ஹெட்லைட்டில் அது அருமையாக வேலை செய்யும். ஆனால் ஹெலஜன் இழைக்காக அளந்து செய்த கிண்ணத்துக்குள் எல்.ஈ.டியைத் திணித்தால், வெளிச்சம் புறப்படும் இடமும் அதன் வடிவமும் மாறிவிடும். இப்னுல் ஹைதத்தின் புள்ளி பிசகிவிடும். நமக்கு முன்னால் பளிச்சென்று தெரியும், எதிரே வருபவருக்கு ஒன்றுமே தெரியாது.

அப்படியானால் பழைய பல்ப் ஏன் மங்கல்? பெரும்பாலும் குற்றம் பல்பில் இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் நம் கார்கள் எல்லாம் வயதாகிவிட்டன. ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகம் வெயிலில் மஞ்சளாகிப் புகைந்துபோகும். அதற்குப் பின்னால் எந்தப் பல்பைப் போட்டாலும் வெளிச்சம் சிதறத்தான் செய்யும். இன்னொன்று வயர். ஹெலஜன் பல்புக்கு வரும் வோல்டேஜ் 5 வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 15 வீதம் குறைந்துவிடும். துருப்பிடித்த ஏர்த் முனையைச் சுரண்டித் துடைத்தாலே சில கார்கள் புதிதாகப் பார்க்கத் தொடங்கும்.

2025 ஜனவரியில் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பூட்டிய மேலதிக விளக்குகளைக் கழற்றச் சொல்லி பொலிஸார் இறங்கியபோது நம்மில் பலர் கோபப்பட்டோம். தண்டம் கட்டும் கோபம் விளங்குகிறது. ஆனால் அந்த ஹாஜியாரின் முழங்கையைப் பார்த்த பிறகு எங்களுக்கு அந்தக் கோபம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்தோம். எல்.ஈ.டியைக் கழற்றி நல்ல எச் 4 பல்ப் ஒரு சோடி போட்டோம். கண்ணாடியில் கை படாமல் துணியால் பிடித்தோம், விரலின் எண்ணெய் பட்ட இடம் சூடேறி பல்ப் சீக்கிரம் போய்விடும். விளக்கின் முகத்தை பொலிஷ் பண்ணினோம். மஃரிபுக்குப் பின் பள்ளி மதிலில் இருந்து 5 மீட்டர் தள்ளி காரை நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிட 5 சென்ரிமீட்டர் கீழே விழும்படி திருகினோம். உள்ளே மட்டும் சின்ன எல்.ஈ.டி போடச் சொன்னோம். அங்கே அதுதான் நல்லது. 10 வொட் பழைய பல்பை இரவு முழுக்க மறந்துவிட்டால் காலையில் பெட்டரி இறங்கியிருக்கும், எல்.ஈ.டி அவ்வளவு குடிக்காது. பூட்டும்போது எரியாவிட்டால் பயப்பட வேண்டாம், திருப்பிப் போட்டால் எரியும், அதற்குப் பிளஸ் மைனஸ் உண்டு.

"இப்ப எனக்கும் தெரியுது சேர், முன்னுக்கு வாறவருக்கும் தெரியும்" என்றார். அவர் கேட்ட கேள்விக்கான பதிலை அவரே சொல்லிவிட்டார்.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் படித்தோம். கல்லையும் முள்ளையும் மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் உங்கள் பிள்ளைகளை வாகனத்துக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். பிரேக்கை மிதித்து "எரியுதா?" என்று கேளுங்கள். உங்கள் வாப்பாமாரின் பழைய வாகன நினைவுகள் இருந்தால் கீழே எழுதுங்கள், பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவோம்.

வஸ்ஸலாம்.